பெட்டிக்குத் தைத்த சட்டை

தண்டபாணி சொல்வதில் பாதியை நம்பலாம் என்று யாராவது சொன்னால், அவர்கள் தண்டபாணியைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். பாதியாம்! திருப்பூரில் கம்பெனி கம்பெனியாகப் போய் நெட் இணைப்பு போட்டுத் தரும் மனிதர் அவர். கழுத்தில் எப்போதும் ஒரு சுருள் நீலக் கேபிள் மாப்பிள்ளை மாலை மாதிரி தொங்கும். அன்று செங்கதிர் நிட்வேரின் மீட்டிங் அறையில் காலை நீட்டி உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

எதிரே இருந்த, ஆர்டர்களைக் கவனிக்கும் கோகிலவாணி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் அம்மா வீடியோவில் வருவார். குழந்தைக் கவுன் ஆர்டர். இதற்கு முன் இரண்டு முறையும் பாதிப் பேச்சில் படம் உறைந்துவிட்டது. முதல் முறை முதலாளி சென்னியப்பன் கொட்டாவி விட்ட நிலையில். அடுத்த முறை கோகிலவாணி, ஒரு கண் மூடி, வாய் பிளந்து. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு ஊரில் ஆர்டர் கொடுத்துக்கொள்கிறேன் என்று கிர்ஸ்டன் மெயில் அனுப்பியிருந்தார்.

பேச வேண்டியவள் கோகிலவாணிதான். “இங்கிலீசு எனக்குக் காதுக்குள்ள போகுது கண்ணு, வாய் வழியா வெளிய வரமாட்டேங்குது” என்று முதலாளி கைகழுவிவிட்டார். அவளோ ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே மூன்று முறை ஒத்திகை பார்ப்பவள்.

“அண்ணா, அந்த லைட் இன்னும் சிவப்பாவே இருக்கு” என்றாள் மெதுவாக.

அலமாரி மேல் நெட் பெட்டி இருந்தது. பஞ்சுத் தூசி போகக்கூடாதென்று ஆயுத பூஜையன்று சாம்பிள் செக்‌ஷன் நூர்ஜஹான் அக்கா அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். ரோஸ் நிற இண்டர்லாக் துணி, உள்ளே கம்பளி மாதிரி அடர்ந்த பிளீஸ். பெட்டியின் இரண்டு ஆன்டெனாவுக்கும் முழுக்கை.

“இருக்கட்டும் அம்மணி, ரீஸ்டார்ட் ஆகுது” என்றார் தண்டபாணி, தலையைக்கூடத் திருப்பாமல். “அவினாசில ஒரு மில்லுக்கு நெட் போட்டேன் பாருங்க. அங்க ஸ்பீடு என்னான்னா, கேக்கறதுக்கு முன்னால பதில் வந்துரும். மொதலாளி ‘ரேட்டு’ன்னு வாயத் தொறக்கல, ‘கட்டாதுங்க’ன்னு மும்பைக்காரன் சொல்லிட்டான்!”

மேசை ஓரத்தில் இருந்த நூர்ஜஹான் அக்கா சாம்பிள் கவுனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே, “இந்தக் காலத்துல ரேட்டக் கேக்காமயே கட்டாதுன்னு சொல்ல நெட்டு எதுக்குத் தம்பி?” என்றார்.

“சரி, படம் எத்தனை தெளிவுன்னு கேளுங்க. வெள்ளகோயில்ல எண்ணெய் மில்லு. மீட்டிங் நடக்குது, பின்னால கேன்டீன்ல சட்னி தாளிக்கறாங்க. கடுகு தெறிச்சு ஜப்பான்காரன் கன்னத்துல பட்டுப்போச்சு!”

“ஐயோ பாவம். மருந்து போட்டாங்களா?”

“அதெல்லாம் இவங்களே இங்கிருந்து எண்ணெய் தடவி உட்டுட்டாங்கக்கா.”

கோகிலவாணி சிரிக்கவில்லை. அவள் கண் பெட்டியிலேயே இருந்தது. ரோஸ் துணிக்குள் சிவப்பு விளக்கு அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்தது.

தண்டபாணிக்குச் சூடு பிடித்துவிட்டது. “ஈரோட்டுல ஒரு கம்பெனி. மீந்துபோன கேபிள ஒரு ஆடு தின்னு போட்டுது. அதுக்கப்புறம் ஆடு எங்க மேயுதோ அங்கதான் சிக்னலு! மேனேஜருங்க எல்லாம் நாற்காலியத் தூக்கிட்டு ஆட்டுக்குப் பின்னாலயே போய், வயக்காட்டுல மீட்டிங் போட்டாங்க. ஆட்டுக்குக் கழுத்துல ஐடி கார்டு, மதியம் அகத்திக்கீரை. மீட்டிங்குல அது ‘மே’ன்னா, ‘யாருப்பா அது, மைக்க ஆஃப் பண்ணு’ன்னு ஹெட் ஆபீசுல சத்தம் போடுவாங்க.”

“அந்த ஆடு இப்ப எங்க?”

“பெங்களூருக்கு மாத்தல் ஆயிருச்சுங்கக்கா. ப்ரமோஷன்ல.”

அறை வாசலில் வந்து நின்ற சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், தண்டபாணியைப் பார்த்தார். “ஏனப்பா, ஆடு கெடக்கட்டும். நம்ம பெட்டி?”

“ஆகிட்டே இருக்குதுங்க மொதலாளி. இதென்ன, காங்கயத்துல ஒரு அக்கவுண்டன்ட்டு, ஆறுமுகம்னு பேரு, திரையில என்னமோ சின்ன எழுத்தா தெரியுதேன்னு எட்டிப் பாத்தாரு. நம்ம லைன்தான் அகலமாச்சே? பொத்துன்னு கனடாவுல போய் உழுந்துட்டாரு! புடிச்சு இழுத்தோம். திரும்பி வர்ற பக்கம் லைன் கொஞ்சம் மெல்லிசு. இடுப்பு வரைக்கும்தான் வந்தாரு. காலு ரெண்டும் இன்னும் அங்கதான். குளுருக்கு அந்த ஊருக்காரங்க சாக்ஸ் போட்டு உட்டிருக்காங்க.”

“இப்ப என்ன பண்றாரு?” சென்னியப்பனே கேட்டுவிட்டார்.

“ரெண்டு எடத்துலயும் சம்பளம் வாங்கறாரு.”

மூன்று ஆகப் போகிறது. கோகிலவாணி எழுந்தாள். நாற்காலியை இழுத்து அலமாரிப் பக்கம் போட்டு ஏறினாள். பெட்டியைத் தொட்டவள் கையைச் சட்டென்று உதறினாள். அயர்ன் பாக்ஸ் மாதிரி கொதித்தது.

“அதுக்கு வேர்க்குதுண்ணா” என்றாள்.

உறையை இழுத்தாள். முதலில் ஒரு கை, பிறகு மறு கை, அழுகிற குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போல. மேலே ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். சிவப்பு அணைந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பச்சை வந்தது. அணையாமல் நின்றது.

“அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்று தண்டபாணி கேபிளைச் சரிசெய்துகொண்டு, “ஒரு டீ சாப்ட்டு வந்தர்றேனுங்க” என்று நழுவினார்.

கிர்ஸ்டன் திரையில் வந்தார். கோகிலவாணி கவுனைக் காட்டினாள், துணியைச் சொன்னாள், சாயத்தைச் சொன்னாள். படம் அசைந்துகொண்டே இருந்தது. பேச்சோடு சேர்ந்து அவள் இடது கையும் ஆடியது. அப்போதுதான் கிர்ஸ்டன் அந்தக் கையைப் பார்த்தார். ரோஸ் உறை இன்னும் அதிலேயே இருந்தது.

“அது எந்த வயதுக் குழந்தைக்கு?”

சாம்பிள் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்குப் பொய் வராது. “எங்கள் நெட் பெட்டிக்கு” என்றாள். “தூசி படாமல் இருக்க. இதற்குள் பெட்டி சூடாகித்தான் இரண்டு முறையும் படம் நின்றுபோனது.”

கிர்ஸ்டன் அசையவில்லை. கண் இமைக்கவில்லை.

“போச்சு, மறுபடியும் நின்னுபோச்சு” என்று நூர்ஜஹான் அக்கா முணுமுணுத்தார். சென்னியப்பன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் கிர்ஸ்டனின் உதடு மெல்லத் துடித்தது. பிறகு அவர் மேசையில் கவிழ்ந்து சிரித்த சிரிப்பில் அவர் பக்கத்துக் காபிக் கோப்பையே உருண்டது.

தண்டபாணி திரும்பி வந்தபோது அறையில் ஒரே கூச்சல். “என்னாச்சு அம்மணி?”

கோகிலவாணி தயங்காமல், ஒத்திகை இல்லாமல் சொன்னாள். “கவுன் ஆர்டர் கெடைச்சிருச்சுண்ணா. கூடவே அந்தப் பெட்டிச் சட்டையும் பத்தாயிரம் கேட்டிருக்காங்க. அவங்க ஊர்ல பொம்மைக்குப் போடுவாங்களாம். பெட்டிக்கு மட்டும் போட வேண்டாம்னு லேபிள்ல எழுதச் சொன்னாங்க.”

தண்டபாணி அவளையே பார்த்தார். நூர்ஜஹான் அக்காவைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு கழுத்துக் கேபிளைக் கழற்றி மேசையில் வைத்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“படிச்ச புள்ள நீங்க. புளுகறதுக்கும் ஒரு அளவு வேண்டாமுங்களா அம்மணி?”