வாய் அடைபட்ட குழாய்

மழை குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் இருந்த ஓர் ஊரில் ஒரு புது வீடு வெள்ளையடித்து முடிந்து நின்றது. தனுஷ்கோடி என்பவரும் அவர் மனைவி மரகதவல்லியும் கட்டிய வீடு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை குடியிருந்த வாடகை வீட்டுக்காரரோ சாவியைத் திருப்பிக் கேட்டுவிட்டார். இனி வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நகராட்சி தரும் பணி நிறைவுச் சான்று. மீட்டர்கூட மாட்டியாகிவிட்டது. சான்று வந்தால்தான் அதில் மின்சாரம் வரும். மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது, விளக்கு எரியாது, மனுசன் குடியிருக்க முடியாது.

நகராட்சிப் பொறியாளர் திங்கட்கிழமை பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் எல்லாமே கொஞ்சம் விறைப்பாக நின்றன. வாசல் கதவு தன் பளபளப்பைத் தானே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் மட்டும் யாரிடமும் பேசவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரில் புது வீடு என்றால் மாடியில் விழும் மழையை நிலத்துக்குள் இறக்க ஒரு குழி வேண்டும். அது விதி. வீட்டின் வரைபடத்தில் அந்தக் குழி அழகாகவே இருந்தது. ஐந்தடி ஆழம், அடியில் ஜல்லி, மேலே மணல். தரையில்தான் இல்லை.

"குழி வெட்டி ஜல்லி நிரப்ப ரெண்டு நாளாகும்ணே" என்று போன வாரம் மேஸ்திரி சவரிமுத்து சொல்லியிருந்தார். "பால் காய்ச்சுற தேதிய வச்சுக்கிட்டு இப்ப எதுக்கு? குழாயத் தரையில அரையடி இறக்கி, சுத்திச் சிமெண்ட் பூசிட்டாப் போதும். வர்றவங்க போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. இந்தத் தெரு பூரா அப்படித்தான்."

மரகதவல்லிக்கு மனசு ஒப்பவில்லை. "அப்ப மாடித் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டாள்.

"மழை வரட்டும்க்கா, அப்பப் பாத்துக்கலாம்."

தனுஷ்கோடி காலண்டரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டார். எலி புகுந்துவிடக் கூடாதே என்று காலி சிமெண்ட் சாக்கைச் சுருட்டிக் குழாயின் அடிவாயில் திணித்தார்கள். அதன்மேல் கலவையையும் அப்பினார்கள். அன்றோடு குழாயின் நிம்மதி போயிற்று.

கூடத்துச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய வரைபடம் ஜன்னல் வழியாக அதை விசாரித்தது. மூன்று முத்திரை வாங்கிய வரைபடம். அதற்குக் கொஞ்சம் கர்வம் இருக்கத்தான் செய்யும்.

"ஏன் உம்மென்று நிற்கிறாய்?"

"என் காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே" என்றது குழாய்.

"இல்லை என்று யார் சொன்னது? என்னிடம் குழி இருக்கிறது. நீளம், அகலம், ஆழம் எல்லாம் குறித்து ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. என்னில் இருந்தால் இருக்கிறது என்றுதான் பொருள்."

"மழைத் தண்ணி உன்னப் படிச்சுப் பாத்துட்டா இறங்கும்?"

முத்திரை வாங்கியவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் காதில் விழுவதில்லை.

ஆனால் கீழே இருந்த மண்ணுக்கு எல்லாம் கேட்டது. "யாருப்பா அது, வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம நிக்கிறது?" என்றது.

"நான்தான், புது வீட்டுக் குழாய். என் வாயை அடைச்சுட்டாங்க."

"நீயுமா? தெருவுல ஒவ்வொரு வீட்டுல இருந்தும் ஒருத்தர் இப்படித்தான் வந்து நிக்கிறீங்க. பாத்தா விருந்தாளி மாதிரி இருக்கு, கையில ஒண்ணையும் காணோம். பக்கத்துக் கிணறு நாக்கு வறண்டு என்கிட்ட தண்ணி கேக்குது. நான் எங்க போறது?"

குழாய்க்கு அவமானமாக இருந்தது. தான் கெட்டது செய்யவில்லை என்று அதற்குத் தெரியும். ஆனாலும் பொய்யாகத்தானே நிற்கிறோம் என்று வருந்தியது.

திங்கட்கிழமை காலையில் பொறியாளர் ஷகிலா பானு வந்தார். பக்கத்து மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் விட்ட இடத்தை டேப் பிடித்து அளந்தார். படிகளின் உயரத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியாகக் குழாயிடம் வந்தார்.

"இங்க நின்னு எடுங்க மேடம், போட்டோவுல குழாய் முழுசா விழும்" என்றார் சவரிமுத்து.

அவரும் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாக, "ரெண்டு வாளி தண்ணி மாடியில ஊத்துங்க" என்றார்.

சவரிமுத்துவின் முகம் வெளுத்தது. "தண்ணி லாரியில வாங்குறது மேடம்."

"ரெண்டு வாளிதானே. ஊத்துங்க."

தனுஷ்கோடிதான் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். தண்ணீர் தடதடவென்று இறங்கிச் சாக்கில் முட்டி நின்றது. இரண்டாவது வாளி அதன்மேல் ஏறி, குழாயின் கழுத்து வரை நிறைந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் பூமிக்குள் போய்விட்டது போலத்தான் இருந்தது. ஷகிலா பானு பேனாவைத் திறந்தார்.

"அசையாதே" என்று ஜன்னலுக்குள்ளிருந்து வரைபடம் பதறியது. "இன்னும் ஒரு நிமிடம் தாங்கு. கையெழுத்து விழுந்துவிடும்."

"எங்கப்பா வழி?" என்று கேட்டது உள்ளே நின்ற தண்ணீர்.

"வழி இல்ல. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"எவ்வளவு நேரம்?"

குழாய் கணக்குப் போட்டுப் பார்த்தது. இன்றைக்கு இரண்டு வாளி. ஐப்பசி பிறந்தால் மாடி முழுக்கத் தண்ணீர் வந்து இதையே கேட்கும். வீடு இருக்கும் காலமெல்லாம் இப்படி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நினைக்கவே அதற்குப் பயமாக இருந்தது. எதிரே மரகதவல்லி நின்றாள். அவளும் தன்னைப் போலவே எதையோ அடக்கிக்கொண்டு நிற்பது குழாய்க்குத் தெரிந்தது.

முழங்கால் உயரத்தில் குழாய்க்கு ஒரு வளைவு இருந்தது. அவசரத்தில் பசை போடாமல் செருகியது. குழாய் அந்த இடத்தை மெல்லத் தளர்த்தியது. இரண்டு வாளித் தண்ணீரும் பொறியாளரின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"அப்பாடா" என்றது குழாய்.

"பாவி, வீட்டைக் கெடுத்தாயே" என்றது வரைபடம்.

ஷகிலா பானு குனிந்து பார்த்தார். "குழி எங்க?"

"அது வந்து மேடம், லேசா அடைப்பு" என்று சவரிமுத்து இழுத்தார்.

"குழியே வெட்டல மேடம்" என்றாள் மரகதவல்லி. "நாள் நெருங்கிருச்சுன்னு நாங்களேதான் விட்டுட்டோம்." சொன்ன பிறகுதான் அவளால் சரியாக மூச்சு விட முடிந்தது. அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பொறியாளர் பேனாவை மூடினார். "இல்லாததுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. ஆனா ரெண்டு நாள் வேலைதானே. ஜல்லி கிடக்கு, மணல் கிடக்கு. புதன்கிழமை முடிங்க. வியாழக்கிழமை காலைல வந்து பாத்துட்டுக் கையோட சான்று தர்றேன்."

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சணும் மேடம்" என்றார் தனுஷ்கோடி.

"குழி இருந்தாக் காய்ச்சலாம்."

சவரிமுத்து முணுமுணுத்துக்கொண்டேதான் கடப்பாரையை எடுத்தார். ஆனால் இறங்கியபின் வேலையில் குறை வைக்கவில்லை. சாக்கை உருவி எறிந்தார், ஐந்தடி வெட்டினார், ஜல்லியும் மணலும் நிரப்பினார், வளைவுக்குப் பசை போட்டு இறுக்கினார். வியாழக்கிழமை மாடியில் நாலு வாளி ஊற்றினார்கள். போன இடம் தெரியவில்லை. ஷகிலா பானு அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே கூடத்தில் விளக்கு எரிந்தது.

"ரெண்டு நாள் வேலைக்கா இம்புட்டுப் பயந்தோம்?" என்று தனுஷ்கோடி சிரித்தார். மரகதவல்லிக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை.

வீடு அமைதியானபின் வரைபடம் குழாயை அழைத்தது. பழைய அதட்டல் குரலில் இல்லை.

"உண்மையைச் சொன்னால், எனக்கும் பயமாகத்தான் இருந்தது" என்றது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அந்தக் குழி பார்க்க எப்படி இருக்கிறது? இந்தத் தெருவில் எல்லா வீட்டு வரைபடத்திலும் அது உண்டு. எங்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை."