ஆறு கப் கேக், ஆறு தாள்

தூத்துக்குடியில் ஒரு பேக்கரி. அங்கே அடுப்பைக் கவனிக்கிறவர் ஜெனிட்டன். வயசு முப்பதுதான், ஆனாலும் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவரிடம் தொழில் பழக வந்த சண்முகக்கனிக்கு ஐம்பத்திரண்டு. குருவைவிட சிஷ்யை மூப்பு. அதனால் என்ன, அடுப்பு வயசா கேட்கிறது?

வருகிற புதன்கிழமை கனியக்கா சொந்தக் கடை திறக்கிறாள். சின்ன ஓவன். ஒரே ஒரு வகை கப் கேக்தான் போட முடியும். எது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததுகூடப் பெரிசில்லை. "உனக்கு என்ன பிடிக்கும்னே உனக்குத் தெரியாது, நீ ஊருக்கு விக்கப் போறியாக்கும்" என்று வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அது அவளுக்கு ரொம்பத் தைத்துவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் மாஸ்டர் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். முன்னால் ஒரு தட்டு. அதில் வெனிலா, சாக்லேட், ரோஸ்மில்க், பட்டர்ஸ்காட்ச், அன்னாசி, ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போட்டது ஒன்று.

"தின்னு பாத்து எழுதி வைங்கக்கா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்தால், அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா?"

"ஒண்ணும் வெளங்கல மாஸ்டர். முதல்ல தின்னது நல்லாருந்துச்சு. அடுத்ததும் நல்லாருந்துச்சு. திரும்ப முதல்ல தின்னதை நினைச்சா ருசியே ஞாபகம் வரல. பைத்தியம் பிடிச்சிரும் போலருக்கு."

பேசும்போதே நாக்கால் முன்பல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எழுதினதைப் படிங்க."

படித்தாள். "சாக்லேட், பெரியவனுக்குப் பிடிக்கும். ரோஸ்மில்க், பேத்தி விடவே மாட்டா. பட்டர்ஸ்காட்ச், வீட்டுக்காரவங்களுக்கு உசிரு. அன்னாசி, மதினி கேட்டு வாங்குவாங்க. வெனிலா, யாரு வந்தாலும் குடுக்கலாம். ஆரஞ்சு, லேசாக் கசக்கு. வீட்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க. வேண்டாம்."

"உங்களுக்கு எது பிடிச்சுதுக்கா?"

"எனக்கென்ன மாஸ்டர், எல்லாம் ஒண்ணுதான்."

சொன்னவளுக்கே கண் கலங்கிவிட்டது.

"அவங்க சொன்னது சரிதான் போல. நான் கடை வைக்க லாயக்கில்ல."

மாஸ்டர் நோட்டை வாங்கவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தினமும் கடை வாசலில் குப்பைக்கூடையைக் கிளறி, தின்றவர்கள் எறிந்துவிட்டுப் போன, கேக்கைச் சுற்றியிருந்த தாளையெல்லாம் பார்க்கிற ஆள் அவர். எதில் மிச்சம் கிடக்கிறது, எதில் இல்லை என்று பார்த்துத்தான் மறுநாளைக்கு மாவு கலப்பார். 'குப்பை மாஸ்டர்' என்று கவுண்டரில் நிற்கிறவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டுமே என்பார்.

ஆறு தாளையும் வரிசையாக வைத்தார். ஐந்தில் பாதிக் கேக் அப்படியே இருந்தது. ஆறாவது தாளில் ஒரு துணுக்குகூட இல்லை. சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு கிழிந்து போயிருந்தது.

"இது எந்தக் கேக்கோட தாள் அக்கா?"

அக்கா குனிந்து பார்த்தாள்.

"ஆரஞ்சு."

"மிச்சம் எங்க?"

"தின்னுட்டேன் போலருக்கு."

"எப்போ?"

"தெரியலியே மாஸ்டர். மத்த அஞ்சுல எதை எடுக்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"சரி. புதன்கிழமைக்கு என்ன போடப் போறீங்க?"

"அய்யய்யோ, அது கசக்கும் மாஸ்டர்! எங்க வீட்ல ஒரு சீவனுக்கும் ஆகாது. யாரு வாங்குவா? அப்படி ஒண்ணை இந்த ஊர்ல யாருக்காவது பிடிக்குமா, சொல்லுங்க!"

மாஸ்டர் எழுந்து, கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல பல்லுல சிக்கியிருக்கிற தாளை எடுங்கக்கா. அப்புறம் பேசுவோம்."