மாடத்தி வைத்த ரெண்டு கிண்ணம்

குற்றால மலையடிவாரத்து ஜமீன் ஒன்றில் சமையற்காரி மாடத்தி அடுப்பு ஊதாத நாள் கிடையாது. ஜமீன்தார் மருதப்பர் ஆட்டுக்கறி கேட்காத வேளையும் கிடையாது. தின்று தின்று அவர் கால் தூணாக வீங்கிவிட்டது. "கறியைக் குறைத்துக் காய்கறி சாப்பிடுங்கள்" என்றார் வைத்தியர்.

"காய்கறி தின்ன நான் என்ன ஆடா?" என்று சீறிய ஜமீன்தார், மாடத்தி பக்கம் திரும்பினார். "ஏ மாடத்தி! நாளைக்கு ஆட்டுக்கறி ருசியில் ஒரு காயைச் சமை. என் நாக்கு ஏமாந்தால் வைத்தியர் சொன்னபடி கேட்கிறேன். ஏமாறாவிட்டால் நீ வளர்க்கிற செவலைக் கிடா எனக்குக் குழம்பு!"

மறுநாள் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டுவிட்டது. மாடத்தி வாழையிலை போட்டு, இரண்டு கிண்ணங்களை வைத்தாள்.

"எது ஆட்டுக்கறின்னு எசமானே சொல்லுங்க."

முதல் கிண்ணத்தில் ஒரு வாய் தின்றதும் முகத்தைச் சுளித்தார். "தூ! காய்!" அடுத்த கிண்ணத்தை வழித்து நக்கினார். "அடடா, இதுதான் கிடா! அதிலும் தொடைக்கறி! யாரை ஏமாற்றப் பார்த்தாய்? அவிழ்த்து வா உன் செவலையை!"

மாடத்தி சட்டியையே தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினாள். "ரெண்டு கிண்ணமும் இந்த ஒரே சட்டியில கோரினதுங்க. அத்தனையும் பிஞ்சுப் பலாக்காய்!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. அந்தச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு துள்ளி வந்த செவலை, ஜமீன்தாரின் இலையையே கடித்து மெல்ல ஆரம்பித்தது.

"நான் என்ன ஆடான்னு கேட்டீங்களே எசமான்," என்றாள் மாடத்தி. "அது காலைப் பாருங்க. வீங்கியா இருக்கு?"