செம்பன் பார்த்த முகம்

ஜமீன் லாயத்தில் இருபது வருஷம் குதிரை பார்த்தவர் துரைக்கண்ணு. ஒருநாள் குதிரைகளையெல்லாம் விற்றுவிட்டுக் கார் வாங்கிவிட்டார்கள். பாவம் மனுஷன், ஐம்பத்திரண்டு வயதில் அதே ஜமீனில் வேட்டை நாய் பழக்கும் பிச்சாண்டியிடம் சீடனாக வந்து சேர்ந்தார். குருவோ அவரைவிட நாலு வயது இளையவர். இவர் "வாத்தியாரே" என்பார். அவர் "அண்ணே" என்பார்.

பழக்கச் சொல்லி அவரிடம் ஒப்படைத்த நாய்க்குச் செம்பன் என்று பெயர். சுட்ட வாத்து ஏரியில் விழுந்தால் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வர வேண்டும், அதுதான் அதன் வேலை. ஒரே வருஷத்தில் செம்பன் தேறிவிட்டது. துணி சுற்றிய தேங்காய் மட்டையை எவ்வளவு தூரம் எறிந்தாலும் பல் படாமல் கொண்டுவந்து கையில் கொடுத்தது. "இரு" என்றால் எறும்பு கடித்தாலும் அசையாது. துரைக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை.

மிச்சம் இருந்தது துப்பாக்கிப் பழக்கம். அங்கேதான் வினை. முதல் வெடிக்கு மிரண்ட நாய் ஆயுசுக்கும் வேட்டைக்கு ஆகாது. அப்படிப்பட்டதை ஜமீனில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள், யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். செம்பனைப் பிரிவதை நினைத்தாலே துரைக்கண்ணுவுக்குச் சோறு இறங்காது.

"வாத்தியாரே, செம்பனை நாளைக்குத் துப்பாக்கிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

"சோறு வெச்சாச்சா அண்ணே?"

"இப்பத்தான் வைக்கப் போறேன்."

"வைங்க."

கேட்டதற்குப் பதிலைக் காணோமே என்று முணுமுணுத்துக்கொண்டே துரைக்கண்ணு சட்டியை வைத்தார். செம்பன் வாய் வைத்ததுதான் தாமதம், பின்னால் படீரென்று ஒரு சத்தம். பிச்சாண்டி பித்தளைத் தாம்பாளத்தைக் கல்தரையில் போட்டிருந்தார்.

"ஐயோ!" என்று துள்ளிவிட்டார் துரைக்கண்ணு.

செம்பன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு வாலை இடுக்கிக்கொண்டு சட்டியைவிட்டு விலகிப் போனது.

"போச்சு. இன்னும் தேறலை இது." என்றார் துரைக்கண்ணு.

"சத்தம் கேட்டதும் அது எங்கே பார்த்துச்சு அண்ணே?"

"என்னைத்தான்."

"தாம்பாளத்தைப் பார்க்கலையே?"

"இல்லை."

"அப்ப நீங்க எப்படி இருந்தீங்க?"

துரைக்கண்ணு குனிந்து சட்டியை எடுத்துச் செம்பனிடம் கொண்டுபோனார்.

மறுநாளும் தாம்பாளம் விழுந்தது. அதற்கடுத்த நாளும் விழுந்தது. பத்தாம் நாள் அது விழுந்தபோது துரைக்கண்ணு செம்பனின் பக்கத்தில் குந்தியிருந்தார். செம்பன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

"சாப்பிடுடா," என்றார், அசையாமல்.

அது சாப்பிட்டது.

பிச்சாண்டி தாம்பாளத்தை எடுத்துத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது.

"நாளைக்குப் போகலாம் அண்ணே."

"இதையெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க வாத்தியாரே?"

பிச்சாண்டி ஏரிப் பக்கம் திரும்பினார்.

"மைனான்னு ஒருத்தி இருந்தா. நான் பழக்கின முதல் நாய். சாயங்காலம் என் துண்டைக் கவ்விக்கிட்டு முன்னால நடப்பா. கரை முழுக்க எங்க ரெண்டு பேர் காலடியாத்தான் கிடக்கும். அது ஒரு காலம் அண்ணே. உங்க செம்பனைவிடக் கெட்டிக்காரி."

"அப்புறம்?"

"முதல் வெடியிலேயே ஓடிட்டா. யாருக்கோ கொடுத்துட்டாங்க."

"அவ்வளவு கெட்டிக்காரி எப்படி மிரண்டா?"

"வெடிச்சதும் அவ என் முகத்தைத்தான் பார்த்தா. நான் விழுந்த வாத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."