கடைசிப் பந்தி

மலையடிவார மடத்தில் நாளுக்கு ஒரே பந்தி. உச்சி பூஜை முடிந்து, மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு முன் யார் வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மடப்பள்ளியை மேற்பார்க்கும் மணியம் வேலப்பர், சின்ன வயதில் அம்மாவோடு அதே வாசலில் நின்றவர். சோறு வேகும் வாசனைக்கு அம்மா எச்சில் விழுங்கிய சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது. வருகிறவர்களை வந்தவுடனே உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். ஒரு நாளாவது அந்த வாசல் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

மடத்தின் குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். வேலப்பர் அவரிடம் போய் நின்றார்.

“சாமி, நீங்க ஒரு உத்தரவு போடணும். மடப்பள்ளியில ஒருத்தரும் மசிய மாட்டேங்கறாங்க.”

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“எத்தனை உலை, எத்தனை இலை, யார் எங்க நிக்கணும், ஒண்ணு விடலை. எல்லாத்துக்கும் தலையாட்டுறாங்க. விடிஞ்சா ஒரே பந்திக்குத்தான் அரிசி களையறாங்க. கல்நெஞ்சுக்காரங்க!”

“உத்தரவு போட்டா?”

“நாளைக்கே நடக்கும்.”

“நாளன்னைக்கு?”

குருவே தொடர்ந்தார்.

“சரி, நாளைக்கு உங்க இஷ்டப்படி நடக்கட்டும். இலை எடுக்கிற மாரக்காளுக்கு மட்டும் லீவு. அவ வேலை உங்களுக்கு.”

மறுநாள் பத்து மணிக்கே கதவு திறந்தது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். வேலப்பர் இலை எடுத்தார், தரை துடைத்தார். நிமிர்வதற்குள் அடுத்த பந்தி. வாசலை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. நான்கு மணிக்கு அண்டாவுக்குள் பார்த்தார். வழித்துச் சுரண்டியிருந்தது.

படியில் உட்கார்ந்திருந்த மாரக்காள் சிரித்தாள்.

“என்ன மணியம், கண்ணு பஞ்சடைக்குதா? ஒரே பந்தின்னா, அது எழுந்ததும் நாங்க எல்லாரும் உட்காருவோம். உங்க ஏற்பாட்டுல எங்க பந்தி எப்போ?”

“இதை முன்னாடியே வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?”

“நீங்க பேச்சை நிறுத்தினாத்தானே?”

வேலப்பருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஆனால் கத்துவதற்கு வயிற்றில் தெம்பில்லை. அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

“நீ எப்போ சாப்பிட்டா தோதுப்படும், ஆத்தா?”

அவள் சிரிப்பை நிறுத்தினாள். அவரையே பார்த்தாள்.

“காலையில ஒன்பது மணிக்கு, கதவு திறக்கறதுக்கு முன்னாடி. சுடச்சுட. எங்களோட நீங்களும் உட்காரணும். சம்மதம்னா, சமையல்காரங்ககிட்ட நானே பேசறேன்.”

“சம்மதம்.”

அடுத்த வெள்ளிக்கிழமை நடுப்பகலில் வாசல் காலியாகக் கிடந்தது. வேலப்பர் அங்கே வெகுநேரம் நின்றார். குரு வந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மாரக்காளோட சங்கடம் உங்களுக்கு முன்னமே தெரியும். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, சாமி?”

“சொல்லியிருந்தா அவளுக்குச் சோறு எடுத்து வெச்சிருப்பீங்க. எப்போ சாப்பிட்டா தோதுன்னு அவளைக் கேட்டிருக்க மாட்டீங்க.”