கண்ணாடியில் ஒட்டிய தாள்

மலையடிவார மடத்தின் குரு தவமணி அம்மையார். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிவஞானத்துக்குக் குருவைவிடப் பத்து வயது அதிகம். ஏதோ ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாரே தவிர, பயிற்சி கொடுப்பதை விடவில்லை.

யாத்ரீகர்களுக்கு அறை ஒதுக்கும் ஜன்னலில் தினமும் சண்டை. அங்கே வேலை பார்த்த பொற்கொடி ஒருநாள் அழுதேவிட்டாள்.

"இன்னொருத்தர் வந்து இப்படிக் கத்தினா நான் வேலையை விட்டுடுவேன்."

சிவஞானம் சும்மா இருப்பாரா? கோபமாக வருகிறவரிடம் பேச வேண்டிய பத்து வாக்கியங்களைப் பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, அவள் கண்ணெதிரே ஜன்னல் கண்ணாடியிலேயே ஒட்டினார். ஒரு வாரம் சொல்லிப் பார்க்கவும் வைத்தார்.

பயிற்சி முடிந்த மறுநாள் மதியம் ஒருவர் வந்தார். வழியில் பஸ் பழுதாகித் தாமதமானதில் அவருடைய அறை வேறொருவருக்குப் போயிருந்தது. தாளுக்கு மேலே அவர் முகம் மட்டும் தெரிந்தது.

"உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது," என்று படித்தாள் பொற்கொடி.

"என்னம்மா புரிஞ்சுது உனக்கு?"

இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் குரல் ஏறியது. மூன்றாவதற்குச் சுவரை உதைத்தார். பொற்கொடி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"நாலாவதைச் சொல்லும்மா!" என்று பின்னாலிருந்து சிவஞானம் கத்தினார். அன்றைக்கு அங்கே அதிகமாகக் கத்தியவர் அவர்தான்.

சத்தம் கேட்டு வெளி வராந்தா வழியாக வந்த அம்மையார் ஒரு பாயை விரித்தார்.

"பாப்பாவை இதுல படுக்க வைங்க. கை மரத்துப் போயிருக்கும்."

காலில் மாவுக்கட்டோடு ஒரு பெண் குழந்தை வந்தவருடைய இரண்டு கைகளிலும் கிடந்தாள். மெல்ல இறக்கிப் படுக்க வைத்தார். கைகளை உதறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அறை எப்பம்மா கிடைக்கும்?"

"மூணு மணிக்கு ஒண்ணு காலியாகும்."

"சரிம்மா. இருக்கோம்."

உள்ளே வந்த அம்மையாரிடம் சிவஞானம் தயங்கியபடி கேட்டார்.

"அம்மா, நீங்க சொன்னது என் பத்துல இல்லையே. பதினொண்ணாவதா எழுதிச் சேர்த்துடட்டுமா?"

"முதல்ல பொற்கொடி நாற்காலியில உட்காருங்க."

உட்கார்ந்தார்.

"எதிர்ல என்ன தெரியுது?"

"என் கையெழுத்து."

"அதுக்குப் பின்னாலதான் அந்தப் பாப்பா இருந்தா."

சிவஞானத்துக்குச் சுருக்கென்றது. பொற்கொடி கைப்பையை வைத்துவிட்டு ஈரத்துணி கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கித் தாளை நனைத்து உரிக்க ஆரம்பித்தார்.