முதலில் குடிவந்தவள்

வெள்ளத்தில் ஊர் அழிந்துபோனது. மேட்டில் புது ஊர் கட்ட ஜமீன்தார் முடிவு செய்தார். வரைபடம் போட்டவர் தாண்டவராயர். அதில் அகலமான நேர்த்தெருவும் இருபுறமும் உயர்ந்த மதிலும் பார்க்கவே கம்பீரமாக இருந்தன.

அரண்மனையில் கதை சொல்லிப் பிழைத்த செங்கமலம் அதை எட்டிப் பார்த்தாள். தாண்டவராயருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இல்லாத ஆட்களைப் பற்றிப் புளுகுகிறவளுக்கு இங்கே என்ன வேலை? உன் கதையால் இதில் ஒரு கோடாவது மாறுமா? மாறாவிட்டால் அரண்மனையை விட்டுப் போய்விடு!"

ஜமீன்தாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

செங்கமலம் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தாள். "வேலாயி என்று ஒரு நிறைமாதக்காரி, எஜமான். உச்சி வெயிலில் இந்தத் தெருவில் தனியாக நடந்து வருகிறாள். பாதி வழியில் வலி எடுத்துவிட்டது."

"ஐயோ, நிழலில் உட்காரச் சொல்!"

"மரமே இல்லையே, எஜமான்."

"சந்து வழியாக மருத்துவச்சி வீட்டுக்குப் போகட்டும்!"

"சந்தும் இல்லை. கடைசிவரைக்கும் மதில்தான். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்."

ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை. எழுதுகோலை எடுத்து மதிலில் ஒரு வழி திறந்தார். தெருவோரம் மரங்களை வரைந்தார்.

தாண்டவராயர் பதறினார். "எஜமான், அப்படி ஒரு பெண்ணே கிடையாது!"

"ஊரும்தான் இன்னும் இல்லை, ஐயா" என்றாள் செங்கமலம். "அவள் முதலில் குடிவந்துவிட்டாள்."

ஜமீன்தார் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை.

"குழந்தை பிறந்ததா?"

"பிறந்தது, எஜமான். பெண் குழந்தை."

அவர் வரைபடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தாண்டவராயரிடம் கேட்டார்:

"அது ஓடி விளையாட இடம் எங்கே?"